மலையகத்துச் சுரங்கவழிகளும் அவற்றின் கலைச்சொற்களும்

ஒரு தொழில் ஒரு சமுதாயத்தினரிடையே நெடுங்காலம் நடைபெற்றதா என்பதை அத்தொழிலின் கருவிகளைக் கொண்டு அறியலாம். அத்தொழிலறிவு அச்சமுதாயத்தின் உடைமையாயிற்றா என்பதை அறிய வேண்டுமாயின், அதற்குரிய சொற்களையே நோக்குதல் வேண்டும். உழவுக்கும் நெசவுக்கும் கடற்றொழிலுக்கும் தமிழிற் சொற்பஞ்சம் என்றும் இருந்ததில்லை. மலையைத் துளைத்து வழி சமைக்கும் தொழிலோ, இலங்கையின் மலைநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்றும், தமிழ்த் தொழிலாளரின் கைகள் அதிற் பெரிதும் ஈடுபட்டும், தன் சொற்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கின்றது. இக்குறை மொழிப்பற்று ஒன்றினால் மட்டும் வருந்தத்தக்கதன்று. சுரங்கவழியின் கலைச்சொல் ஒவ்வொன்றும் ஒரு கடமையின் பெயராகும். அக்கடமை தவறுமிடத்துத் தீங்குறுவோர் உள்ளே வேலை செய்வோரும் மேலே குடியிருப்போருமேயாவர். ஆகவே அச்சொற்களின் பொருளை ஆராய்வதும், அவற்றுக்கேற்ற தமிழை நாடுவதும் பயனுடைய முயற்சிகளாம்.

நானுஓயா வழிப் புகையிரதப் பாதை

கொழும்பிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதை 1867ஆம் ஆண்டிற் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. பின்னர் 1893இல் அப்புத்தளைக்கும், 1894இற் பண்டாரவளைக்கும், 1924இற் பதுளைக்கும் நீண்டது. இப்பாதையில் நாற்பதுக்கு மேற்பட்ட சுரங்கவழிகள் உள்ளன. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அவற்றுள் மிக நீண்டது. அதன் நீளம் அரைக் கிலோமீற்றருக்குச் சற்று மேற்படும். பட்டிப்பொலை நிலையத்துக்கு அப்பால், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,898 மீற்றர் உயரத்தில், பாதை தன் உச்சியை அடைகின்றது. அங்குள்ள சுரங்கவழியினூடாக மத்திய மாகாணத்தை விட்டு ஊவா மாகாணத்துட் புகுகின்றது.

பொறியியலாளர் மலையைச் சுற்றிச் செல்லாது துளைத்தமைக்குக் காரணம் யாது? புகையிரதம் செங்குத்தாக ஏற மாட்டாது. இப்பாதையில் 44 அடி தூரத்துக்கு ஓரடி ஏற்றமே மிக்க ஏற்றமாகக் கொள்ளப்பட்டது. அச்சரிவையும் ஒரு வரம்புக்குட்பட்ட வளைவையும் காத்தல் வேண்டுமாயின், சிலவிடங்களில் மலையின் தோளைச் செதுக்குதலும், சிலவிடங்களில் அதன் உடலைத் துளைத்தலும் இன்றியமையாதனவாயின. ஆகவே சுரங்கவழி என்பது சரிவு பற்றிய கணக்கின் விளைவேயாகும்.

சுரங்கம் என்னும் சொல்

தமிழிற் சுரங்கம் என்னும் சொல் இரு பொருள் தருகின்றது. பொன்னும் நிலக்கரியும் காரீயமும் அகழும் இடம் ஒன்று. மலையூடே அல்லது நிலத்தினடியே செல்லும் வழி மற்றொன்று. முன்னதிற் பொருளை எடுப்பதே நோக்கம்; எடுத்தபின் எஞ்சும் வெளி நெடுங்காலம் நிற்க வேண்டும் என்பதில்லை. பின்னதில் அவ்வெளியே நோக்கம். அது தலைமுறை தலைமுறையாக நிற்றல் வேண்டும். இத்துணை மாறுபட்ட இரண்டையும் ஒரு சொல்லாற் குறித்தல் மயக்கத்துக்கு இடமாகும். எனவே அகழ்வதைச் சுரங்கம் என்றும், வழியாவதைச் சுரங்கவழி என்றும் பிரித்தாளுதல் நன்று. சிங்கமலைச் சுரங்கம் போன்ற ஊர்வழக்குப் பெயர்களை மாற்ற வேண்டுவதில்லை; நூல்வழக்கிலே வேறுபாடு காத்தல் போதும்.

இச்சொல்லின் பழைமையும் கருதத்தக்கது. சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் சுருங்கை என்னும் சொல் மறைவான வழியையும் நிலத்தடி நீர்வழியையும் குறித்து ஆளப்பட்டுள்ளது. வடமொழியில் இது சுருங்கா என வழங்கும்; கௌடிலியரின் அர்த்தசாத்திரத்திலும் காணப்படும். குழல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து இது வந்திருக்கலாம் என்பது அறிஞர் சிலர் கருத்து. எவ்வாறாயினும், நிலத்தடி வழியைக் குறிக்கத் தமிழர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சொல்லை உடையராயிருந்தனர் என்பது தெளிவு.

சுரங்கவழியின் உறுப்புக்கள்

சுரங்கவழி வெளியிலே திறக்கும் இடம் வாயில் எனப்படும். வாயிலருகே பாறை மழையாலும் வெயிலாலும் சிதைந்து மண்ணாகியிருத்தல் இயல்பு. ஆதலின் நடுமலையினும் வாயிலே இடர் மிக்கது. அங்குக் கல்லாற் கட்டப்படும் முகப்புச்சுவர் அழகுக்காக எழுப்பப்பட்டதன்று. மேலிருந்து சரியும் மண்ணைத் தாங்குவதற்கே எழுப்பப்பட்டது. உள்ளே குறுக்குவெட்டை நோக்கின், மேல்வளைவின் உச்சியை முகடு எனலாம். வீட்டுக் கூரையின் உச்சியைக் குறிக்கும் இச்சொல், ஆங்கிலத்திற் 'கிறவுண்' எனப்படுவதை நன்கு உணர்த்தும். முகட்டுக்குக் கீழே இருபுறமும் நிற்பன பக்கச்சுவர்கள். தரையின் கீழ் வளைந்திருக்கும் பகுதி அடிவளைவு. நிலம் நெகிழ்ந்த இடத்தில் அடிவளைவு இல்லையாயின், பக்கச்சுவர்கள் உள்நோக்கி நெருங்கும், தரையும் மேலெழும். நான்கு பக்கமும் மூடிய வளையமே அமுக்கத்தை நன்கு தாங்கும் என்னும் உண்மையை அடிவளைவு என்னும் சொல் தன்னுட் கொண்டுள்ளது.

துளைத்த பாறையின்மேல் உட்புறமாக அமைக்கப்படும் செங்கல், கல் அல்லது கொங்கிறீற்றுக் கட்டுமானத்தை உட்கட்டு எனலாம். முகட்டுக்கும் மேலேயுள்ள நிலப்பரப்புக்கும் இடைப்பட்ட மண்ணும் பாறையும் மேற்படை எனப்படும். மலையிலே குடியிருப்போருக்கு இச்சொல் இன்றியமையாதது. தம் வீட்டுக்கும் கீழே செல்லும் சுரங்கவழிக்கும் இடையே மேற்படை எத்தனை மீற்றர், அது பாறையா மண்ணா எனக் கேட்டறிவதற்கு இச்சொல்லே வாயிலாகும்.

வேலை நடைபெறும் நுனி, முகம் எனப்படும். மேல்நோக்கிய சரிவில் துளைத்துச் செல்வதை ஏறுமுகம் என்றும், கீழ்நோக்கிச் செல்வதை இறங்குமுகம் என்றும் கூறலாம். வாழ்வின் உயர்வு தாழ்வுகளுக்கு வழங்கும் இச்சொற்கள் இத்தொழிலில் நேர்ப்பொருளிலேயே பொருந்துவனவாம். ஏறுமுகத்தில் ஊறும் நீர் தானாகவே வாயிலை நோக்கி வடியும். இறங்குமுகத்தில் அந்நீர் முழுவதும் தொழிலாளர் நிற்கும் முகத்திலேயே தேங்கும். அதனை இடையறாது இறைத்தல் வேண்டும். நீண்ட சுரங்கவழியை விரைவில் முடிப்பதற்காகப் பக்கத்து மலைச்சரிவிலிருந்து குடையப்படும் சிறுவழியை நுழைவழி என்றும், மேலிருந்து நேரே இறக்கப்படுவதை நிலைக்குத்துக் குழி என்றும் கொள்ளலாம். நுழைவழி ஒன்று அமையின் வேலைமுகங்கள் இரண்டு கூடும்.

இரு முனையிலிருந்தும் துளைத்து நடுவிலே சந்திக்கும் முறை மிகப் பழையது. கிரேக்க நாட்டுச் சாமோசுத் தீவிலே கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூப்பாலினோசு என்பவர் ஏறக்குறைய 1,036 மீற்றர் நீளமான நீர்வழி ஒன்றை இவ்வாறே அமைத்தார். திசைகாட்டியும் தொலைநோக்கியும் இல்லாத அக்காலத்தில் இரு முகங்களும் சந்தித்தமை அளவைக் கலையின் வெற்றியாகும்.

வெடிவைப்பு முறை

கடும்பாறையைத் துளைப்பதற்கு வெடிமருந்து கொள்ளும் முறை ஒரு சுற்றாக நடைபெறும். துளையிடல், மருந்திடல், வெடித்தல், புகைபோக்கல், தொங்குகல் தட்டல், கழிகல் அகற்றல், முட்டுக்கொடுத்தல் என்பன அச்சுற்றின் படிகளாம். ஒரு சுற்று முடியும்போது முகம் சில மீற்றர் முன்னேறியிருக்கும். பின்னர் மீண்டும் துளையிடலே தொடங்கும்.

மருந்திடுவதற்காகப் பாறையிற் குடையும் துளைக்குத் தமர் என்னும் பழஞ்சொல் உண்டு. தமிழ்நாட்டிற் கிணறு வெட்டுவோர் தமர் போடுதல் என இன்றும் வழங்குவர். முகத்திலுள்ள தமர்கள் யாவும் ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. நடுவிலுள்ளவை முதலில் வெடித்து ஒரு குழியை உண்டாக்கும். அவற்றைச் சூழ்ந்தவை பின்னர் அக்குழியை நோக்கிப் பாறையைத் தள்ளும். ஓரத்திலுள்ளவை இறுதியில் வெடித்து வளைவை ஒழுங்காக்கும். நடுத்தமர், சூழ்தமர், ஓரத்தமர் எனப் பெயரிடின், வெடிக்கும் ஒழுங்கும் உடனே விளங்கும். ஓரத்தமர்களில் மருந்து மிகின், வரைந்த எல்லைக்கு அப்பாலும் பாறை பெயரும். அது மிகையுடைவு ஆகும். மிகையுடைவால் உட்கட்டின் செலவு மிகுவதோடு, நிற்க வேண்டிய பாறையும் நைந்துபோகும்.

வெடியாத் தமர் என்பது மற்றொரு சொல். மருந்திட்டும் வெடியாது எஞ்சிய துளையை அது குறிக்கும். முன்னைச் சுற்றில் எஞ்சிய தமரினுள்ளே மீண்டும் துளையிடலாகாது என்பது உலகெங்கும் போற்றப்படும் விதி. அதனுள் மருந்து எஞ்சியிருத்தல் கூடும். அவ்வாறே தொங்குகல் என்பது, வெடித்தபின் முகட்டிலே விழாமற் பற்றிக்கொண்டிருக்கும் கல்லாகும். அலவாங்கால் தட்டிப் பார்த்து, ஒலியினால் அதன் நிலையை உணர்ந்து, அதனை வீழ்த்திய பின்னரே பிறர் உட்புகுதல் வேண்டும். இவ்விரு சொற்களையும் தன் தாய்மொழியில் அறியாத தொழிலாளி அவற்றின் பொருளைத் தன் உடம்பினாலேயே அறிய நேரிடும்.

இங்கே ஒரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். தமிழில் வெடிப்பு என்பது மருந்து வெடித்தலையும் குறிக்கும். சுவரிற் காணும் கீறலையும் குறிக்கும். சுரங்கவேலை நடைபெறும் ஊரில் இவ்விரண்டும் அடுத்தடுத்து வருவன. ஆகவே மருந்து கொண்டு உடைப்பதை வெடிவைப்பு என்றும், சுவரிலும் நிலத்திலும் தோன்றுவதைக் கீறல் அல்லது பிளவு என்றும் வரையறுத்தல் அவசியம். ஆழ்சுரங்கங்களில் அமுக்கம் மிகுந்து பாறை தானே சிதறிப் பாய்வதுண்டு. 3 கிலோமீற்றருக்கு மேல் ஆழ்ந்து, 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட கோலார்த் தங்கவயலிலே தமிழ்த் தொழிலாளர் பலர் இவ்விடரோடு வாழ்ந்தனர். இதனைப் பாறைத்தெறிப்பு எனலாம்.

பாறையும் தாங்கலும்

மலைநாட்டின் பாறைகள் பெரும்பாலும் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பழம்பாறைகளாம். அவற்றுள் ஒன்று சாணொக்கைற்று. கல்கத்தாவிலுள்ள யோபு சாணொக்கு என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து அப்பெயர் இடப்பட்டது. அக்கல்லோ சென்னையை அடுத்த பரங்கிமலைப் பாறையினத்தது. எனவே பரங்கிமலையும் நம் மலைநாடும் பாறையினால் உறவுடையன. இப்பாறை மிக வலியது. ஆயினும் சுரங்கவழியின் வலிமை கல்லின் வலிமையைப் பொறுத்தது மட்டுமன்று. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள மூட்டுக்களையும் பொறுத்ததாகும். மூட்டு நெருங்கிய இடத்தில் வலிய கல்லும் அடுக்கிய செங்கல்லைப் போற் சரியும்.

துளைத்த பாறை தாங்கலின்றி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை நிற்குங்காலம் என்பர். நல்ல பாறையில் அது ஆண்டுக்கணக்காகும். நொய்ந்த நிலத்தில் நாழிகையும் நில்லாது. முட்டு எப்பொழுது கொடுக்கப்படல் வேண்டும் என்பதை நிற்குங்காலமே தீர்மானிக்கும். முற்காலத்தில் மரத்தூண்களாலும், பின்னர் உருக்கு வளைவுகளாலும் முட்டுக்கொடுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒஸ்திரிய நாட்டுப் பொறியியலாளர் இராப்செவித்சு முதலியோர் ஒரு புதுநெறியை வகுத்தனர். துளையைச் சூழ்ந்த பாறையை வெறுஞ்சுமையாகக் கருதாது, அதனையே தாங்கும் வளையமாக்குவது அந்நெறியின் சாரம். அதற்குக் கருவியாவன இரண்டு. பாறையினுள்ளே செலுத்தி அதன் அடுக்குகளைப் பிணைக்கும் உருக்குக் கம்பி பாறையாணி ஆகும். வளியமுக்கத்தால் விசிறி அப்பும் கொங்கிறீற்று, தெளிப்புக் கொங்கிறீற்று ஆகும். பாறையின் சிறு அசைவும் நாள்தோறும் அளக்கப்பட்டு, அவ்வளவுக்கேற்பத் தாங்கல் கூட்டப்படும்.

நெகிழ்ந்த நிலத்தில் வேறொரு முறை தோன்றியது. இலண்டனிலே தேம்சு நதியின் கீழ் 1825ஆம் ஆண்டிற் தொடங்கி 1843இல் திறக்கப்பட்ட சுரங்கவழிக்கு மார்க்கு புரூணல் என்பவர் ஓர் இரும்புச் சட்டத்தை அமைத்தார். அதன் காப்பினுள் நின்று தொழிலாளர் மண்ணை வெட்டினர். பின்னே செங்கல் உட்கட்டு எழுந்தது. இதனைக் காப்புச்சட்டம் எனலாம். இன்று சென்னை மாநகரின் நிலத்தடிப் புகையிரதத்துக்கு வழி குடைந்த துளைபொறிகள் அதன் வழித்தோன்றல்களேயாம்.

நீர்கொண்டு செல்லும் சுரங்கவழிகள்

புகையிரதத்துக்கு அடுத்தபடியாக மலையைத் துளைக்கச் செய்தது நீராகும். தமிழ்நாட்டில் 1895ஆம் ஆண்டில் நிறைவுற்ற பெரியாற்றுத் திட்டம், மேற்கு நோக்கி ஓடிய நீரை மலையூடே ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கவழியாற் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிற்று. நானுஓயாவின் அயலிலே, தலவாக்கலையில் மறிக்கப்பட்ட கொத்மலை ஓயாவின் நீர், ஏறக்குறைய 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியினூடாகச் சென்று, நியங்கந்தோறையில் நிலத்தடியே அமைந்த மின்னிலையத்தை அடைகின்றது. 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய இம்மேற்கொத்மலைத் திட்டத்தின் ஆற்றல் 150 மெகாவாற்று ஆகும்.

நீர்த்தேக்கத்திலிருந்து மின்னிலையம் நோக்கிச் செல்வதைத் தலைநீர்ச் சுரங்கவழி என்றும், மின்னிலையத்திலிருந்து ஆற்றுக்கு மீள்வதைக் கடைநீர்ச் சுரங்கவழி என்றும் கூறலாம். தலைமடை, கடைமடை என உழவர் வழங்கும் சொற்களே இவற்றுக்கு வழிகாட்டியாவன. சுழலிகளின் வாயில் திடீரென மூடப்படின், கிலோமீற்றர்க் கணக்கில் ஓடிவந்த நீர்த்தொகுதி உடனே நிற்க மாட்டாது. அதன் விசை அமுக்கமாக மாறிக் குழாயைப் பிளக்க முயலும். அவ்வேளையில் நீர் மேலெழுவதற்கு இடந்தரும் நிலைக்குத்துக் குழியை எழுநீர்க் குழி எனலாம். அதன் கீழே சுழலிக்குச் செங்குத்தாக இறங்குவது அமுக்கக் குழாய்.

ஊற்றுக்கண்ணும் வேவுத்துளையும்

சுரங்கவழி நீரைக் கொண்டு செல்வது போலவே, மலையின் நீரைத் தன்பால் ஈர்ப்பதும் உண்டு. மழைநீர் பாறையின் மூட்டுக்களில் இறங்கி நிலத்தடி நீராய் நிற்கின்றது. மலைச்சரிவின் ஊற்றுக்களும் கிணறுகளும் அதனாலேயே நிறைவன. அந்நீர்மட்டத்தின் கீழே ஒரு சுரங்கவழி செல்லுமாயின், அது பெரியதொரு வடிகாலாகும். நீர்செறிந்த மூட்டு ஒன்றை முகம் எட்டியவுடன் ஊற்றுக்கண் திறந்து நீர் பாயும். மேலே நீர்மட்டம் தாழும்.

ஊவா மாகாணத்தில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கவழியைத் துளைத்தபோது 2014ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வாறே பெருநீர் உட்பாய்ந்தது. 2017ஆம் ஆண்டிலும் அது நிகழ்ந்தது. பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களிற் கிணறுகள் வற்றின. வீடுகளிற் கீறல்கள் தோன்றின. மக்கள் வீதிக்கு வந்து முறையிட்டனர். 120 மெகாவாற்று ஆற்றலுடைய அத்திட்டம் 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் தொடங்கி வைக்கப்பட்டது.

இத்தகைய தீங்கைத் தடுக்கும் முறைகளுக்குச் சுரங்கக் கலையிற் பெயர்கள் உண்டு. முகத்துக்கு முன்னே பல மீற்றர் தூரத்துக்கு ஒடுங்கிய துளை ஒன்றை இட்டு, நீரும் நொய்ந்த பாறையும் உளவோ என அறிதல் ஒன்று. பகைவர் நிலையை முன்சென்று அறிவோன் செயலை ஒத்தலின், அதனை வேவுத்துளை எனலாம். அத்துளையில் நீர் மிகின், துளைத்தலை நிறுத்தி, சீமெந்துக் குழம்பை அமுக்கத்துடன் பாறையின் மூட்டுக்களுள் செலுத்தி அடைத்தல் மற்றொன்று. இது சாந்துசெலுத்தல் எனப்படும். முகம் எட்டுமுன் செய்வது முற்சாந்து. நீர் பாய்ந்தபின் செய்வது பிற்சாந்து. பாயும் நீரைப் பின்னர் அடைப்பது மிகக் கடினம். செலுத்திய குழம்பையும் அந்நீர் அடித்துச் செல்லும். ஆதலின் முற்சாந்தே சிறந்தது. கிணறுகளின் நீர்மட்டத்தை வேலை தொடங்குமுன்னரே அளந்து பதிதலும், வீடுகளின் நிலையை முன்னரே எழுதி வைத்தலும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன. முன்னளவு இல்லாவிடத்துப் பின்வந்த குறையை நிலைநாட்டுதல் அரிது.

சொல்லாக்க நெறி

தமிழ் இலங்கையின் அரசகரும மொழியாதலும் வேண்டும் என 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் விதித்தது. அதற்கும் முன்னர், 1950களிலும் 1960களிலும், அரசகரும மொழித் திணைக்களம் பல்துறைச் சொற்றொகுதிகளை வெளியிட்டு, பாடசாலைகளில் விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க வழிசெய்தது. அம்முயற்சியைத் தொழிற்றுறைகளுக்கும் விரித்தல் காலத்தின் தேவையாகும்.

அதற்கு மூன்று நெறிகள் போதியன. முதலாவது, கிணறு வெட்டுவோரிடமும் உழவரிடமும் கல்தச்சரிடமும் உள்ள சொல்லை முதலில் தேடுதல். தமர், முகடு, ஊற்றுக்கண், தலைமடை என்பன அவ்வாறு கிடைத்தவை. இரண்டாவது, சொல்லில்லாவிடத்துப் பொருளின் தொழிலைக் காட்டும் சொல்லை ஆக்குதல். எழுநீர்க் குழியும் வேவுத்துளையும் அத்தகையன. மூன்றாவது, கொங்கிறீற்று, சீமெந்து போன்று மக்கள் நாவிற் பழகிய சொல்லை விலக்காது ஏற்றல். இருபொருள் தரும் சொல்லை விலக்குதல் இம்மூன்றுக்கும் பொதுவிதியாகும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியிற் பங்குகொள்ளக் கூடியவர்களே. தோட்டங்களில் முதியோர் வழங்கும் கற்றொழிற் சொற்களைத் திரட்டுதல் ஒரு வகுப்பின் ஓராண்டு வேலையாக அமையலாம். பொறியியல் கற்கும் பழைய மாணவர் அவற்றைச் சரிபார்த்து உதவலாம். மலைநாட்டில் இனியும் சுரங்கவழிகள் குடையப்படும். அவ்வேளைகளில், மேற்படை எவ்வளவு, வேவுத்துளை இடப்பட்டதா, கிணறுகள் முன்னளக்கப்பட்டனவா என்னும் மூன்று கேள்விகளையேனும் தம் மொழியில் தெளிவாகக் கேட்கவல்ல மக்கள் மலைமேல் வாழ்வாராயின், கலைச்சொல் ஆக்கியோரின் உழைப்புப் பயன்பெற்றதாகும்.